பதில்: பாட்டியின் சிங்கர் மிஷின், சக்கரம் அசையவில்லை

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் தோட்ட வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டியின் கால் மிஷின் சுற்றவே மாட்டேன் என்கிறது, பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் இணைக்கும் தோல் வாரைக் கழற்றிவிட்டு, ஷட்டில் பக்கம், அதாவது ஊசிக்குக் கீழே அடிநூல் ஓடும் இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நூல் சிக்கியிருந்தாலும் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் எண்ணெய்த் துளைகளிலும், இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். சாமி விளக்குப் பக்கம் மட்டும் வேண்டாம். காலையில் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். மயிரிழை அசைந்தாலே நல்ல செய்தி. மறுபடி சொட்டு விடுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு கசியும், துடைத்துக்கொண்டே வாருங்கள். சுத்தியல் எடுக்கவே கூடாது.

இளகியதும் தையல் மிஷின் எண்ணெய் மட்டும் போடுங்கள். சமையல் எண்ணெய் போட்டால் திரும்பவும் இறுகும்.

அந்தத் தங்கப் பூ வேலைப்பாட்டில் ஸ்பிரிட் படக்கூடாது. மேல்பூச்சு அரக்கு, கரைந்துவிடும். ஈரத்துணி போதும்.

வார் அறுந்திருந்தால் புதிய தோல் வார் வாங்கி, அளவுக்கு வெட்டி, கம்பிக் கொக்கியால் இணைக்கலாம். ஊசி மாட்டும்போது, நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும்.

அடித்தட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் பாருங்கள். ஆங்கில ‘E’ எழுத்தில் தொடங்கினால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடிவிட்டது. அந்த வரிசை எண்ணை இங்கே எழுதினால் எந்த வருடம் என்று தேடிப் பார்க்கலாம்.