65 வயதானால் கார் ஓட்ட மருத்துவச் சோதனை கேட்பது முதியவர்களை அவமதிப்பது ஆகாதா? என் அப்பா கோபமாக இருக்கிறார்

உங்கள் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கோபத்தைச் சோதனை மேல் காட்டுவது வீண். சிங்கப்பூரில் கார் ஓட்டுவதற்கான சாதாரண 3ஆம் வகுப்பு உரிமத்துக்கு 65இலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து புளோக் கிளினிக்கே போதும்.

எனக்கு 68. போன மாதம் ஈசூனில் கிளினிக்குக்கு வீட்டுக்காரரோடு போனேன். கவுன்டரில் இருந்த பெண் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "அங்கிள், உங்கள் அடையாள அட்டை?" என்றாள். அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே கிடையாது! கல்யாணத்துக்கு முன்பே உரிமம் எடுத்தவள் நான். அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டே படிக்கலாம். எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அவர் "போதும் ஆன்ட்டி" என்ற பிறகும் அடுத்த வரியையும் படித்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

உடனே "வயதானவர்களால்தான் விபத்து" என்று யாராவது எழுத வருவீர்கள். பார்வை மங்குவதும் கழுத்து சட்டென்று திரும்பாததும் உண்மைதான், விதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என் மாப்பிள்ளையைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? தேக்கா கார்நிறுத்தத்தில் நான் வண்டியைப் பின்னால் எடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார், "அத்தை, நான் விடட்டுமா?" என்பார். அவரோ விரைவுச்சாலையில் சிக்னல் போடாமலே தடம் மாறுகிற ஆள். பெட்ரோல் முள் கீழே கிடக்கிற நிலையில் என் காரைத் திருப்பிக் கொடுப்பவரும் அவரேதான். சரி, அதை விடுங்கள்.

அப்பாவைக் கண்ணாடியும் மாத்திரைப் பட்டியலும் எடுத்துக்கொண்டு, பிறந்தநாள் நெருங்கும்வரை காத்திராமல் கொஞ்சம் முன்னதாகவே போகச் சொல்லுங்கள். டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் டான் டோக் செங் மருத்துவமனையில் இருப்பது போன்ற ஓட்டுநர் மதிப்பீட்டுக்கு அனுப்பக்கூடும். அங்கே முதலில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள், அப்புறம் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதற்குள் உரிமம் காலாவதியாகிவிட்டால், எல்லாம் முடியும்வரை வண்டியைத் தொட முடியாது. கூட நீங்களும் போனால், கவுன்டரில் அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.