முதல் வருடத்திலேயே விலகலாமா என்ற உங்கள் கேள்விக்கு

அன்புள்ள தங்கைக்கு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் உங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள் நீங்கள் என்றும், ஆங்கில மொழிமூல விரிவுரைகள் விளங்காமல் இரண்டு பாடங்களில் சித்தியடையத் தவறியதால் படிப்பை விட்டு முழுநேர வேலைக்குப் போக எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது விலகாதீர்கள். தவறிய பாடங்களை மீண்டும் எழுதலாம். பல பீடங்களில் மீள எழுதுவோருக்குக் கிடைக்கும் உச்சப் பெறுபேறு சாதாரண சித்தியளவில் மட்டுப்படுத்தப்பட்டாலும், பட்டத்தைத் தொடர்வதற்கு அது தடையாகாது.

எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் பிற்பகல் கடை வேலைதான், ஏனெனில் பல பீடங்களில் விரிவுரைகளுக்கு 80 சதவீத வரவு இல்லாதவர்களைப் பரீட்சைக்கு அமர விடுவதில்லை. மகாபொல புலமைப்பரிசில் கிடைக்காவிட்டாலும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேர்சரி நிதியுதவி இருக்கிறது. அப்பாவின் வருமானம் குறைந்திருப்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, பல்கலைக்கழக மாணவர் நலன்புரிப் பிரிவில் நேரில் விசாரியுங்கள்.

விரிவுரையாளரைத் தனியே சந்திப்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். படித்த பெற்றோரின் பிள்ளைகள் இயல்பாகச் செய்யும் இதை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாததால்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். “விளங்கவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த விரிவுரையில் எந்த இடம் என்று குறித்துக்கொண்டு போங்கள். இதே பாடங்களை எடுத்த தமிழ் அக்காமாரிடம் கடந்தகால வினாத்தாள்களையும் குறிப்புகளையும் இந்த வாரமே கேளுங்கள்.