கீபோர்டில் மேஜர், மைனர், செவன்த் கார்டுகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

கோபி பக்கம் ஊர் நோம்பிக் கச்சேரிகளில் பத்து வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கார்டு என்பது சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது வருகிற கூட்டொலி. ஆரம்பத்தில் நானும் 24 கார்டுகளின் படம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி வைத்து மனப்பாடம்தான் செய்தேன். ஒரு மாரியம்மன் நோம்பி மேடையில், பாட்டு தொடங்கப் போகிற நேரத்தில் பாடகர் திரும்பி, "தம்பி, அரைக் கட்டை ஏத்திக்குங்க" என்றார். பாடகர்கள் சுருதியில் அரைக் கட்டை என்பது கீபோர்டில் அடுத்த ஒரு கட்டை. சுருதியைத் தானாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் பற்றி அன்று எனக்குத் தெரியாது. சி மேஜர் பழகிய கை சி ஷார்ப்பில் உட்காரவே இல்லை. பாட்டு முடியும்வரை இடது கையில் பேஸ் நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். இன்றுவரை அந்தக் கணக்குதான் கைகொடுக்கிறது.

தாயம் ஆடியிருப்பீர்கள். காய் நிற்கிற கட்டத்தை எண்ண மாட்டோம், அடுத்த கட்டத்திலிருந்துதான் ஒன்று. இங்கேயும் அப்படியே. கறுப்போ வெள்ளையோ, ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டம். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் தொடங்குகிற கட்டையையே ஒன்று என்று எண்ணிவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் பிசகும்.

சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்பவை வெள்ளைக் கட்டைகளின் பெயர்கள், ஷார்ப் என்றால் அதற்கு வலப்பக்கத்து அடுத்த கட்டை. சி-யிலிருந்து வலப்பக்கம் நாலு தள்ளினால் இ, அங்கிருந்து மூன்று தள்ளினால் ஜி. நாலு, மூன்று: இதுதான் மேஜர். சி ஷார்ப்பில் தொடங்கினாலும் அதே நாலு, மூன்றுதான். எஃப், ஜி ஷார்ப் என்று வந்து நிற்கும்.

இதைத் திருப்பி மூன்று, நாலு என்று போட்டால் மைனர். ஓரத்து இரண்டு விரலும் அசையாது. என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, "நடு விரலை மட்டும் ஒரு கட்டை இடப்பக்கம் நகர்த்து அம்மிணி" என்றேன். வாசித்துப் பார்த்தாள். மறுபடி மேஜர், மறுபடி மைனர். "மாமா, கரண்டு போன மாதிரி இருக்குதுங்க" என்றாள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சி-யை ஸட்ஜமாக வைத்தால், சங்கராபரணத்தின் அந்தர காந்தாரத்துக்கும் கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள அதே ஒரு கட்டை தூரம்தான்.

மூன்று, மூன்று என்றால் டிமினிஷ்டு. நாலு, நாலு என்றால் ஆக்மென்டட். சஸ் ஃபோர் என்பது ஐந்து, இரண்டு. அதில் மேஜரையும் மைனரையும் பிரிக்கிற நடு நோட்டான காந்தாரமே கிடையாது, அதனால்தான் மேஜரா மைனரா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும்.

செவன்த் என்றதும் பலர் மிரள்கிறார்கள். மேஜருக்கு மேல் இன்னொரு மூன்றைச் சேருங்கள், அவ்வளவுதான். ஜி-யில் தொடங்கி நாலு, மூன்று, மூன்று: ஜி, பி, டி, எஃப். இதுதான் ஜி செவன்த். அதைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தியது போல இருக்கும். காரணம் உள்ளே இருக்கிற பி-யும் எஃப்-பும். இரண்டுக்கும் நடுவே ஆறு கட்டை தூரம், ஒன்றோடொன்று உரசும். பி ஒரு கட்டை ஏறினால் சி, எஃப் ஒரு கட்டை இறங்கினால் இ. இரண்டும் சி மேஜரில் போய் உட்கார்ந்ததும் காது நிம்மதியாகிறது. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் இந்தச் செவன்த் அடிக்கடி வருவது இதற்காகத்தான். மேலே மூன்றுக்குப் பதில் நாலு சேர்த்தால் அது மேஜர் செவன்த். அதில் இந்த இழுப்பு இல்லை. மைனருக்கு மேல் மூன்று சேர்த்தால் மைனர் செவன்த்.

இன்னொன்று. வெள்ளைக் கட்டைகளில் மட்டும், ஒன்று விட்டு ஒன்றாக மூன்று விரலை வைத்து, சி-யிலிருந்து ஒவ்வொரு கட்டையாக நகர்ந்துகொண்டே போங்கள். மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், கடைசியாக பி-யில் டிமினிஷ்டு. கை வடிவம் மாறவே இல்லை, ஒலி மட்டும் மாறுகிறது. இ-எஃப், பி-சி இடையில் கறுப்புக் கட்டை இல்லாததால் எண்ணிக்கை மாறிவிடுகிறது. ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபாருங்கள்.

அப்புறம், கார்டு மாறும்போதெல்லாம் கையைத் தூக்கித் தாண்ட வேண்டியதில்லை. சி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகப் பெருவிரல் சி-யிலேயே இருக்கட்டும். இ-யில் இருக்கும் விரல் எஃப்-புக்கும் ஜி-யில் இருப்பது ஏ-வுக்கும் நகர்ந்தால் போதும். எஃப், ஏ, சி மூன்றும் கையில் இருக்கின்றன, வரிசைதான் வேறு. மேடையில் வேகமான பாட்டுக்கு நான் இப்படித்தான் பிடிக்கிறேன்.