ஆபரேஷன் தியேட்டர் மூடிய காலமும் உங்கள் மகளின் படிப்பும்

வணக்கம் அம்மா. கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா (மயக்க மருந்து) டெக்னாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் டெக்னீஷியனாக இருந்த உங்கள் அண்ணன் மகனுக்கு 2020 கொரோனாவில் பாதிச் சம்பளம் ஆனது, பிறகு வேலையே போனது. "நோய் பெருகினால் ஆஸ்பத்திரியில் வேலை கூடத்தானே வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும்.

2020 மார்ச்சில், அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. ஆபரேஷன் முடிந்தவருக்குத் தேவைப்படும் ஐசியூ படுக்கை, ஆக்சிஜன், வென்டிலேட்டர் எல்லாமே மூச்சுத் திணறி வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது. மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கும் நேரத்தில்தான் நோயாளியின் மூச்சுக்காற்று அருகில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். அதனால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பரிசோதனை, பாதுகாப்பு உடை, முடிந்தபின் அறையைச் சுத்தம் செய்யக் கூடுதல் நேரம் என்று ஆனது. ஊரடங்கில் ரத்ததான முகாம்களும் நின்றுபோயின. இன்னொரு கவலையும் இருந்தது. ஆபரேஷன் சமயத்தில் கொரோனா தொற்று இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்ததாக 2020 மே மாதம் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு சொன்னது. இதையெல்லாம் பார்த்த எந்த அறுவை மருத்துவரும் "கொஞ்ச நாள் பொறுத்துச் செய்யலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் எல்லா ஆபரேஷனும் ஒரே அளவில் நிற்கவில்லை. உங்கள் மகளுக்கு இதுதான் முக்கியம். நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு அப்போது மதிப்பிட்டது. ஹெர்னியா (குடலிறக்கம்), பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்ற, புற்றுநோய் சாராத திட்டமிட்ட ஆபரேஷன்களில் 82 சதவீதம் வரை தள்ளிப்போகும் என்றார்கள். புற்றுநோய் ஆபரேஷனில் அது 38 சதவீதம். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் 25 சதவீதம்தான். வலி கண்டு வரும் கர்ப்பிணியையோ, குடல்வால் வெடித்தவரையோ, தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை முட்டி வயிறு கிழிந்து வருபவரையோ எந்த ஊரடங்கும் தள்ளிவைக்க முடியாது.

உங்கள் அண்ணன் மகன் வேலை பார்த்த இடத்தில் எந்த வகை ஆபரேஷன்கள் அதிகம் நடந்தன என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். மூட்டு மாற்று, கண்புரை என்று நாள் குறித்துச் செய்பவற்றை மட்டும் நம்பியிருந்த சிறிய மருத்துவமனைகளுக்கு வருமானம் சட்டென்று நின்றது. பிரசவம், விபத்து, புற்றுநோய் எல்லாம் பார்க்கும் பெரிய மருத்துவமனையில் தியேட்டர் சுருங்கினாலும் முழுதாக அடையாது.

தள்ளிப்போட்ட ஆபரேஷன் ரத்தாகிவிடுவதும் இல்லை. வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும் தேங்கியதைத் தீர்க்கச் சுமார் 45 வாரம் ஆகும் என்று அதே குழு கணக்கிட்டது. காத்திருந்த காலத்தில் ஹெர்னியாவில் இறங்கிய குடல் சிக்கிக்கொள்ளலாம், கட்டி பெரிதாகலாம். எளிதாக முடிந்திருக்க வேண்டியது சிக்கலான ஆபரேஷனாகத் திரும்பி வரும். 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, காது மூக்கு தொண்டைப் பிரிவு தியேட்டர்களுக்கு யாரும் எதிர்பாராத வேலை வந்து சேர்ந்தது.

இதையும் கவனியுங்கள். தியேட்டர் அடைத்திருந்தபோதும், மயக்க மருந்து இயந்திரம், சுவாசக் குழாய், வென்டிலேட்டர் ஆகியவற்றில் பழகியவர்களுக்கு ஐசியூவில் வேலை இருந்தது. கருவிகளை எடுத்துக் கொடுக்க மட்டும் தெரிந்தவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதனால் உங்கள் மகள் அனஸ்தீசியாவும் சேர்ந்த படிப்பைத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. 2021இல் வந்த தேசியச் சட்டத்தில் தியேட்டர், அனஸ்தீசியா தொழில்நுட்பர்களும் அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறையினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இரவில் அவசர ஆபரேஷன் நடக்கிறதா, மாணவர்களை ஐசியூவிலும் பயிற்சிக்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் மூன்றாமாண்டு மாணவிகளிடம் கேட்டால் உண்மை தெரியும். பல்கலைக்கழக இணைப்பு பற்றிய விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். "ஆறு மாதத்தில் ஓ.டி. டெக்னீஷியன்" என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் சான்றிதழ்ப் படிப்புகள் வேறு, அவை மதிப்புள்ளவை. அரசு வேலை நோக்கமென்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கைகளில் எந்தத் தகுதியைக் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போதே படித்துவிடுங்கள். பட்டம் இருந்தும் அவர்கள் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

"படித்துவிட்டு மலையைவிட்டே போய்விடுவாளோ" என்றும் எழுதியிருந்தீர்கள். சில ஆண்டுகளாவது கீழே போக வேண்டியிருக்கும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீலகிரியும் மாறியிருக்கிறது. ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் நோயாளியைக் கோவைக்கு இறக்குவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும். இங்கேயே ஆபரேஷன் நடக்க மருத்துவர் மட்டும் போதாது, தியேட்டரில் கூட நிற்கத் தேர்ந்த கைகளும் வேண்டும்.

தொற்று பயம் பொய்யில்லை. தொண்டையில் குழாய் இறக்கும் இடத்தில் அருகில் நிற்பவள் அவள்தான். பாதுகாப்பு உடையை முறையாகப் போடவும் கழற்றவும் சொல்லித்தரும் கல்லூரியா என்பதையும் விசாரியுங்கள்.

அரசு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு முடியும்வரை தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அதற்குள் அண்ணன் மகனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, உங்கள் மகளோடு உட்காரவைத்துப் பேசவிடுங்கள். அவருக்கு நேர்ந்தது முழுவதையும் அவள் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.