கட்டிடக்கலை முடித்தவர் நகர வடிவமைப்பில் முதுகலை படிக்கலாமா? அதில் என்ன கற்றுத்தருவார்கள்?

நான் கட்டிடக்கலை முடித்து மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தேன். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் கட்டிடத்தை இன்னும் பெரிய அளவில் வரையச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துச் சேராதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

முதல் செமஸ்டர் ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில், ஒரு பொதுச் சதுக்கத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். ராத்திரி பகலாக வரைந்து பிளானைக் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியர் இரண்டே கேள்விதான் கேட்டார். "மதியம் இரண்டு மணிக்கு இங்கே நிழல் எங்கே விழும்? இந்த பெஞ்சில் உட்காருகிறவர் எதைப் பார்ப்பார்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் வகுப்பு முழுவதையும் நிஜமான ஒரு சதுக்கத்துக்கு அனுப்பிவிட்டார். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, மணிக்கு 10 நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை பேர் கடந்து போகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், அவர்களில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் எத்தனை பேர். நடுவில் அழகாகக் கல் பாவியிருந்த இடம் நாள் முழுக்கக் காலியாகவே கிடந்தது. ஓரத்துக் குட்டைச்சுவரிலும் படிகளிலும்தான் கூட்டம். மரநிழல் நகர நகர ஆட்களும் கூடவே நகர்ந்தார்கள். என் பிளானில் பெஞ்சுகள் எல்லாம் நட்ட நடுவில் இருந்தன.

இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு நியூயார்க்கைச் சொல்லலாம். கட்டிடத்தின் முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று 1961-இல் அங்கே விதி வந்தது. கட்டுபவர்கள் இடம் விட்டார்கள், ஆனால் பல இடங்களில் ஆளே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் ஒயிட் தன் குழுவோடு கேமரா வைத்து மாதக்கணக்கில் கவனித்தார். உட்கார வசதி இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான முடிவு. கேட்க மிகச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதுவரை யாரும் அதை விதியாக எழுதவில்லை. 1975-இல் விதியைத் திருத்தினார்கள்: திறந்தவெளியில் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீளம் இருக்கை இருக்க வேண்டும். ஒரு படம்கூட வரையாமல், ஒரே ஒரு வரி எத்தனையோ சதுக்கங்களை மாற்றியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கட்டிடக்கலைஞராக இருந்தபோது விதிகளைத் தடையாக மட்டுமே பார்த்தேன். இப்போது விதி எழுதுவதையும் வடிவமைப்பு வேலையாகவே பார்க்கிறேன்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் இதே கதைதான். 1962-இல் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவில் கார்கள் வரக்கூடாது என்று ஆக்கியபோது வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். யான் கெல் என்ற கட்டிடக்கலைஞர் பல வருடங்கள் அங்கே ஆட்களை எண்ணிக் கொடுத்த கணக்கு, அடுத்தடுத்த தெருக்களுக்கு வாதமாக நின்றது.

மற்றபடி போக்குவரத்து, நிலச் சட்டம், மழைநீர், நிதி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். நகரத் திட்டமிடல் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கிறது, கட்டிடக்கலை மனையின் எல்லைக்குள் நிற்கிறது. நம் வேலை இரண்டுக்கும் இடையில், கட்டிடங்களுக்கு நடுவே மிஞ்சும் வெளியில். அப்புறம், முக்கால்வாசி வேலை குழுவாகத்தான். அது ஒத்துவராதவர்களுக்கு இரண்டு வருடமும் கஷ்டம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்க் பட்டியலை விட்டுவிட்டு, அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள்: செமஸ்டருக்கு எத்தனை நாள் தெருவில் நிற்கிறீர்கள்? மாணவர்களின் வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரிக்கு நகராட்சிக்காரர்களும் அந்தப் பகுதிவாசிகளும் வருவார்களா? இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பில்) பளபளக்கும் த்ரீடி படங்களுக்கு நடுவே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீங்கள் தினமும் கடக்கும் ஒரு பேருந்து நிறுத்தமோ தெருமுனையோ போதும். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் நின்று எண்ணி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்த வரைபடத்தை அதில் சேர்த்துவிடுங்கள்.