அந்த டாக்டர் ஏன் தொடையில் கோடு போட்டார்?

மலையில் இருக்கும் நம் வாசகர்களின் கேள்விகளுக்கு, குன்னூரில் 31 ஆண்டுகள் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்த இதழிலும் பதில் சொல்கிறார்.

கேள்வி: குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். போன மார்கழியில் ராத்திரி ஒரு மணிக்கு என் 14 வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சுக்குக் கஷாயம் கொடுத்தும் வலி கேட்கவில்லை. பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் கீழே பார்த்தார், இரண்டு தொடையிலும் விரலால் ஒரு கோடு இழுத்தார். "விதை முறுக்கிக்கிட்டிருக்கும்மா, இப்பவே கோயம்புத்தூர் கிளம்புங்க" என்றார். ஏழு மணிக்குள் ஆபரேஷன் ஆகிவிட்டது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் "தொடையில எதுக்கும்மா கோடு போட்டார்?" என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லைனில் சிலர் ஏதேதோ பேசுகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் பையன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த டாக்டர் அன்றைக்கே அவனிடம் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அந்த வயசுப் பையன்களுக்குக் கூச்சம் அதிகம். அப்பாவோ அம்மாவோ அறையில் இருக்கும்போது, என்ன செய்யப்போகிறேன், எதற்காக என்று பையனிடமே சொல்லிவிட்டுத்தான் நான் தொடுவேன். எந்த டாக்டரிடமும் நீங்கள் அதைக் கேட்கலாம்.

அவர் செய்தது ஒரு பரிசோதனை. உள்தொடையின் மேல்பகுதியில் லேசாகக் கோடு இழுத்தால், அந்தப் பக்கத்து விதை சட்டென்று கொஞ்சம் மேலே ஏறி இறங்கும். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுகிறது இல்லையா, அதே மாதிரி இதுவும் அனிச்சைச் செயல். அங்கே தசைநாரைத் தட்டுகிறோம், இங்கே தோலைத் தொடுகிறோம், அவ்வளவுதான். விதையை மேலே இழுக்கும் அந்த மெல்லிய தசைக்கு கிரிமாஸ்டர் என்று பெயர். தொங்கவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் விதையை உடம்போடு ஒட்டி வைப்பதும், அடிபடப்போகிறது என்றால் மேலே இழுத்துக்கொள்வதும் அதன் வேலை.

சரி, இதற்கும் உங்கள் பையனுடைய வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம்? விதை ஒரு கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றுக்குள்தான் அதற்கு ரத்தம் போகிறது, வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு விதையின் பின்பக்கம் விதைப்பைக்குள் ஒட்டியிருக்கும், அதனால் சுழலாது. சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அந்த ஒட்டு இருக்காது. விதை கோயில் மணியின் நாக்கு போலத் தனியாகத் தொங்கும். தூக்கத்திலோ விளையாட்டிலோ, சில சமயம் ஒரு காரணமும் இல்லாமலோ அது சுழன்றுகொள்ளும். கயிறு முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். ஒரு நாள் தாண்டிவிட்டால் பத்தில் ஒன்று பிழைப்பதே அரிது. எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயதுக்குள்தான் மிக அதிகம்.

முறுக்கிக்கொண்ட பக்கத்தில் கோடு இழுத்தால் விதை பெரும்பாலும் அசையாது. உங்கள் பையனுக்கு ஒரு தொடையில் இழுத்தபோது ஏறியிருக்கும், மறு தொடையில் இழுத்தபோது ஏறியிருக்காது. வலிக்கிற விதை மேலே தூக்கி, குறுக்காகப் படுத்தும் இருந்திருக்கும். கிருமித் தொற்றால் வரும் வீக்கத்தில் இந்த அனிச்சைச் செயல் வழக்கமாகக் கெடுவதில்லை. அங்கே காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் இருக்கலாம், வலியும் மெதுவாகக் கூடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் இருக்கும் டாக்டருக்கு இதையெல்லாம் பிரித்துப் பார்க்க உதவுவது அவருடைய விரலும், அந்த இரண்டு கோடும்தான். அவர் அங்கே நேரம் கடத்தாமல் உங்களைக் கீழே அனுப்பினாரே, அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். லைனில் பேசுகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இந்தச் சோதனை ஏமாற்றவும் செய்யும். நான் மலைக்கு வந்த இரண்டாவது வருடம் 16 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கோடு இழுத்தேன், விதை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. முறுக்கு இல்லை என்று முடிவு கட்டி, வலிக்கு ஊசி போட்டு, காலையில் பார்க்கலாம் என்றேன். காலையில் விதை கறுத்துப் போயிருந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. பாதி முறுக்கில் அனிச்சைச் செயல் மிச்சம் இருக்கலாம் என்பதை அந்தப் பையனிடம்தான் கற்றுக்கொண்டேன். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு, அசைவு இல்லை என்றால் உடனே அனுப்புவேன். அசைந்தாலும் திடீர் வலியும் வாந்தியும் இருந்தால் அப்போதும் அனுப்புவேன். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பக்கத்திலேயே கிடைத்தால் எடுக்கலாம். அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

குளிரும் ஏமாற்றும். மார்கழி, தை மாதத்தில் நம் ஊரில் ஐஸ் மாதிரி இருக்கும் கையை வைத்தால் இரண்டு விதையும் ஏற்கெனவே மேலே போய் ஒளிந்திருக்கும், கோடு இழுத்து எதைப் பார்ப்பது? நான் எப்போதும் வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துவிட்டு, ஹீட்டர் போட்ட அறையில், வலி இல்லாத பக்கத்தில்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பக்கமே அசையவில்லை என்றால் இந்தச் சோதனையை நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். உங்கள் பையன் 'அடிவயிறு' என்றுதானே சொன்னான்? கூச்சம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் வலி நிஜமாகவே வயிற்றில்தான் தெரியும். வாயு, சூடு, குடல் ஏற்றம் என்று வீட்டில் கை வைத்தியம் பார்த்தே பலருக்கு அந்த 6 மணி நேரம் போய்விடுகிறது. ஆண்பிள்ளைக்குத் திடீரென்று அடிவயிறு வலித்து வாந்தியும் வந்தால், 'கீழே வலிக்குதா, வீங்கியிருக்கா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கீழே இறங்கும் பாதையில் பர்லியார் வளைவுகளில் பனிமூட்டம் இருந்தால் அரை மணி கூடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் வழியில் டீ, பன் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

2009 நவம்பரில் போல மண் சரிந்து பாதை அடைபட்ட நாளில் என்ன செய்வது? டாக்டர் கையாலேயே முறுக்கைத் திருப்ப முயற்சி செய்வார். சரியாகத் திரும்பினால் வலி அந்த நிமிடமே குறையும். பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும், ஆனால் மூன்றில் ஒருவருக்கு எதிர்த்திசையில் முறுக்கியிருக்கும். அதனால் வீட்டில் யாரும் கை வைக்கவே கூடாது. திரும்பினாலும் பாதை திறந்ததும் ஆபரேஷன் உண்டு.

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு பக்கமும் தைத்து நிறுத்தியதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மணி நாக்கு போன்ற அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் மறு பக்கத்தையும் வழக்கமாகத் தைத்துவிடுவார்கள். எழுதியிருக்காவிட்டால் ஆபரேஷன் செய்தவரிடமே கேளுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன். என் நான்கு வயது மகனுக்குக் குளிர் நாளில் வலது பக்கத்து விதையைக் காணவில்லை. வெந்நீரில் குளிப்பாட்டினால் இரண்டும் தெரிகின்றன. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: வெந்நீரில் இறங்கி வருகிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இதுவும் மேலே சொன்ன கிரிமாஸ்டர் தசையின் வேலைதான். பிறந்த குழந்தைகளில் பலருக்கு இந்த அனிச்சைச் செயலே தெரியாது. இரண்டரை வயதிலிருந்து பன்னிரண்டு வரை மிகவும் துடியாக இருக்கும். உங்கள் மகனுக்கு நான்கு வயது, ஊரோ பூம்பாறை! ட்ரௌசரை மாற்றும்போது குளிர்காற்று பட்டாலே போதும், மேலே ஏறிவிடும்.

ஆனாலும் ஒரு தடவை குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் குழந்தையைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துப் பார்ப்பார், அப்படி உட்கார்ந்தால் அந்தத் தசை தளரும். கீழே வந்து, கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே நின்றால் ஆபரேஷன் தேவையில்லை. பருவ வயது வரை வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும். இப்படிப்பட்ட விதைகளில் சில, பிள்ளை வளர வளர மேலேயே தங்கிவிடுவதும் உண்டு, அதற்காகத்தான் அந்த வருடாந்திரப் பார்வை.

வெந்நீரிலும் தூக்கத்திலும் ஒருபோதும் தெரியாத விதையின் கதை வேறு. பிறந்து 6 மாதத்துக்குள் இறங்காதது பிறகு தானாக இறங்குவது அபூர்வம். அதற்கு ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுவது நல்லது. 'பள்ளிக்கூடம் போகும்போது பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது.

கேள்வி: உதகையில் நர்சிங் படிக்கிறேன். விதைமுறுக்கு தவிர வேறு எதற்கு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்? எந்த நரம்பு?

பதில்: தண்டுவடத்துக்காகத்தான் அம்மா. தொடைத் தோலிலிருந்து செய்தி இலியோஇங்குவினல் நரம்பு வழியாகவும் ஜெனிட்டோஃபெமரல் நரம்பின் தொடைக் கிளை வழியாகவும் தண்டுவடத்தின் எல் 1, எல் 2 என்ற இடுப்புப் பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து ஜெனிட்டோஃபெமரல் நரம்பின் இன்னொரு கிளை வழியாகத் தசைக்குத் திரும்புகிறது. இந்த வட்டத்தில் எங்கே அறுந்தாலும் அசைவு போய்விடும்.

சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்தவர் வார்டுக்கு வருகிறார், கால் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தோலில் கோடு இழுத்தால் தசை சுருங்குகிறது, தொடையில் இழுத்தால் ஒன்றும் இல்லை. காயம் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில் இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே டாக்டருக்கு ஓர் ஊகம் கிடைக்கும். மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டாலும் தோலைத் தொட்டு எழுப்பும் இந்த வகை அனிச்சைச் செயல்கள் மறையும். முழங்கால் உதறலோ நாளாக நாளாக அதிகமாகும். ஒன்று மறைந்து மற்றது கூடுவதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

வார்டில் பலரும் தவறுவது ஒன்று இருக்கிறது. குளிரில் பையின் தோல் மெதுவாகச் சுருங்கி நெளியும், அது டார்ட்டஸ் என்ற வேறு தசை. அதைப் பார்த்து 'இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். விதை சட்டென்று மேலே ஏறி இறங்க வேண்டும். இடமும் வலமும் தனித்தனியாகக் குறியுங்கள்.

கேள்வி: கூடலூர். வயது 63. பத்து வருடம் முன்பு இடது பக்கம் ஹெர்னியா ஆபரேஷன். முதுகுவலிக்குப் போனபோது டாக்டர் இந்தச் சோதனை செய்து, இடது பக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறார். நரம்பு போய்விட்டதா?

பதில்: பயப்பட வேண்டாம் ஐயா. ஹெர்னியா ஆபரேஷன் நடக்கும் இடத்தில்தான் அந்த நரம்புகள் ஓடுகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் அசைவு குறைவது உண்டு. வயதானாலும் குறையும். நடப்பதிலும் சிறுநீர் போவதிலும் சிரமம் இல்லாமல், காலில் மரமரப்பும் இல்லாமல் இருந்தால் இது ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவற்றில் ஏதாவது இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். ஹெர்னியா ஆபரேஷன் நடந்ததை முதுகுவலி பார்த்த டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்து, அடுத்த தடவை கையோடு கொண்டுபோங்கள்.