கேள்வி – பதில்: எழுதும் மேசை, பறக்கும் மேசை

கேள்வி: பகலில் அலுவலக வேலை, மாலையில் விமான சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்) என இரண்டுக்கும் ஒரே மேசையைப் பயன்படுத்த விரும்புகிறேன். தனியாக ஒரு விமானி அறை அமைக்க வீட்டில் இடமில்லை. மேசையை நானே செய்வதாக இருக்கிறேன். எந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பலகையை அளக்கும் முன் உங்கள் கண்ணின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். விமானத்தை வடிவமைப்பவர்கள், விமானியின் கண் எந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றியே இருக்கையையும் கண்ணாடியையும் கருவிப் பலகையையும் அமைக்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களில் முன்கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூணில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு உருண்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். சிவப்பு உருண்டை வெள்ளை உருண்டையை மறைக்கும்வரை விமானி தம் இருக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்வார். வீட்டு மேசைக்கும் இந்த ஒழுங்கே பொருந்தும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலியில், பாதங்கள் தரையில் நன்கு பதியும்படி அமர்ந்துகொண்டு, தரையிலிருந்து கண், மடக்கிய முழங்கை, தொடையின் மேற்புறம் ஆகிய மூன்றின் உயரங்களையும் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

எழுதும் மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. யோக் எனப்படும், விமானத்தைத் திருப்பவும் மூக்கை ஏற்றி இறக்கவும் உதவும் கைப்பிடியை அதன் மேலேயே வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினால், பிடிக்கும் இடம் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். தோள்களைத் தூக்கியபடியே பறக்க வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கும். எனவே மேசைப் பலகைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, டெலஸ்கோபிக் சேனலில் (இழுப்பறைகளில் இருப்பது போன்ற, இழுத்தால் நீளும் உலோகத் தடத்தில்) ஓடும் ஒரு தட்டைப் பொருத்துங்கள். பகலில் அது விசைப்பலகைக்கான தட்டு. மாலையில் முழுவதுமாக வெளியே இழுத்து, யோக்கை அதன் மேல் பொருத்திக்கொள்ளலாம். தட்டின் அடிப்புறத்துக்கும் தொடைக்கும் இடையே குறைந்தது மூன்று விரற்கடை இடைவெளி இருக்கட்டும்.

மரத்தை அறுக்கும் முன் கெட்டியான அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, முழு அளவில் ஒரு மாதிரி செய்து, அதில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகுமானால், அந்த மேசை சில மாதங்களில் ஏதாவது ஒரே வேலைக்கு மட்டும் என்று ஆகிவிடும். வடிவமைப்பின் ஒவ்வொரு முடிவையும் இந்த இரண்டு நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: நீங்கள் சொல்வது போன்ற இழுப்புத் தட்டைத்தான் செய்திருக்கிறேன். யோக்கை இழுக்கும்போது தட்டும் சேர்ந்து ஆடுகிறது. சேனலை மாற்றினால் சரியாகுமா?

பதில்: சேனலை மாற்றுவதால் மட்டும் சரியாகாது. சேனல் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது; முன்னும் பின்னும் இழுபடும் விசையை நிறுத்துவது அதன் வேலை அன்று. என் முதல் மேசையிலும் இதே குறை இருந்தது. தரையிறங்கும்போது, ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில், யோக்கை ஒரு விரல் அகலத்துக்கு மெல்லப் பின்னிழுத்து விமானத்தின் மூக்கை உயர்த்த வேண்டும். நான் இழுத்தால் முதலில் தட்டு மூன்று மில்லிமீட்டர் நகரும், மூக்கு அசையாது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் திடீரென்று மூக்கு எகிறி, விமானம் மிதந்து, பிறகு தொப்பென்று விழும். என் கைதான் பழகவில்லை என்று பல வாரங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தட்டு முழுவதும் வெளியே வந்த நிலையில், பக்கப் பலகையையும் தட்டின் ஓரச் சட்டத்தையும் சேர்த்து இருபுறமும் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் இறுக்கமாக நுழையும் எஃகு முளையைச் செருகிவிடுங்கள். தட்டின் ஆட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் மேசை முழுவதும் ஆடினால், பின்புறக் கால்களுக்கு இடையே மூலைவிட்டமாக ஒரு சட்டத்தை அறையுங்கள். நாற்கரம் சாயும், முக்கோணம் சாயாது.

யோக்கைத் தட்டோடு இணைப்பதில் மரத் திருகுகளை நம்ப வேண்டாம். நாள்தோறும் கழற்றி மாட்டினால் துளை தேய்ந்து, திருகு பிடிப்பில்லாமல் சுற்றும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் அடிப்பக்கத்தில், பற்கள் வைத்த டி-நட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மேலிருந்து கைக்குமிழ் வைத்த போல்ட்டால் முடுக்குங்கள். முடுக்க முடுக்க அந்தப் பற்கள் மரத்துக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். நட்டை மேற்பக்கத்தில் அடித்துவிட்டால், போல்ட்டே அதைப் பிடுங்கிவிடும்.

கேள்வி: பிரேக் பெடலை மிதித்தால் என் நாற்காலி பின்னால் ஓடுகிறது. சக்கரங்களைக் கழற்றிவிடலாமா?

பதில்: பகல் வேலைக்குச் சக்கரங்கள் தேவைப்படும், எனவே கழற்ற வேண்டாம். பெடலை ஒரு நீண்ட பலகையில் திருகி, அந்தப் பலகை நாற்காலிக்கு அடிவரை நீளும்படி செய்து, சக்கரங்கள் விழுந்து அமர்வதற்கு அதில் குழிகள் வெட்டுங்கள். நீங்கள் பெடலைத் தள்ளும் விசையும் நாற்காலியைப் பின்தள்ளும் விசையும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடுவதால் இரண்டும் நகராது. அவசரத்துக்கு, பெடலின் அடிச்சட்டத்தையும் நாற்காலியின் நடுத்தண்டையும் ஒரு நைலான் பட்டையால் கட்டினாலும் போதும்.

கேள்வி: ஒரு மானிட்டர் போதுமா, மூன்று வேண்டுமா?

பதில்: திரையின் அகலத்தைவிட, அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அது கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் சுமார் 53 பாகை அகலத்துக்கு உலகம் தெரியும். யோக் தட்டை வெளியே இழுத்ததும் நாற்காலி பின்னால் நகர, தூரம் 85 சென்டிமீட்டர் ஆகிறது. அப்போது அதே திரை 39 பாகைதான் காட்டும். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. மானிட்டரை அதன் அடித்தண்டில் நிறுத்தாமல், முன்னால் இழுக்கக்கூடிய மடக்குக் கையில் பொருத்தினால் இழந்த அகலம் திரும்பக் கிடைக்கும். மானிட்டரின் பின்புறத்தில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மானிட்டர்களை வளைவாக அமைத்தால் 160 பாகை வரை கிட்டும். ஆனால் கணினியின் கிராபிக்ஸ் அட்டைக்குச் சுமை கூடும், மேசையின் இருபுறமும் அடைபடும். இரண்டு வேலைக்குமான மேசையில், தலை அசைவைக் கண்டறிந்து காட்சியைத் திருப்பும் முறையோடு கூடிய ஒற்றை மானிட்டரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஓபன்ட்ராக் என்னும் இலவச மென்பொருள், சாதாரண வெப்கேமராவைக் கொண்டே இதைச் செய்கிறது.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும்போது நடுவில் யோக்கின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, மறுபடியும் வருகிறது. கருவியில் பழுதா?

பதில்: பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறையே காரணமாக இருக்கும். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை தருவதற்கே உரியது. யோக், த்ராட்டில் (எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), பெடல் மூன்றையும், ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஒரே சாதாரண ஹப்பில் சொருகினால் அதற்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தனி அடாப்டர் உள்ள ஹப்பை வாங்கி மேசையின் அடியில் திருகிவிடுங்கள். விண்டோஸில் யூஎஸ்பி கருவிகளை உறங்கவிடும் மின்சிக்கன அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் விமானிப் பயிற்சியில் சேரவிருக்கிறாள். வீட்டு மேசையில் பழகுவது உண்மையில் உதவுமா?

பதில்: உதவும், ஆனால் எதற்கு உதவும் என்பதை அறிந்து பழக வேண்டும். 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் கிடைத்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு விமானப் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1934இல் விமான அஞ்சலைச் சுமந்த அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகுதான், ராணுவம் அக்கருவிகளில் ஆறை வாங்கியது. வெளியே எதுவும் தெரியாதபோது விமானத்தின் அளவுக் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கத்தை அது கற்பித்தது. வீட்டு மேசையும் அதையே நன்றாகக் கற்பிக்கும். அங்கீகாரம் பெறாத கருவியில் செலவிட்ட மணிகள் பயிற்சிக் கணக்கில் சேராது.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் பழகியவர்கள் கண்ணைக் கருவிகளிலேயே வைத்திருக்கும் பழக்கத்தோடு வருவார்கள், தொடக்கப் பயிற்சியிலோ வெளியே பார்ப்பதுதான் முதல் பாடம். வாரத்தில் ஒரு நாள் திரையின் கீழ்ப்பகுதியை ஒரு தாளால் மூடிவிட்டு, தொடுவானத்தை மட்டும் பார்த்து வட்டமிட்டு இறங்கச் சொல்லுங்கள். அவள் பயிலப்போகும் விமானத்தின் கையேட்டிலுள்ள சோதனைப் பட்டியலை அச்சிட்டு, யோக்குக்குப் பக்கத்தில் தட்டின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதை விரலால் தொட்டு, வாய்விட்டுப் படித்த பிறகே எஞ்சினை இயக்கட்டும்.